நாற்பத்தொன்றாம் வில்லை

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, இடம் போதாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வாசகப் பெருமக்களே, நம் நூலகர் ஐயாவைப் பறிகொடுத்து முன்வரிசையில் ஈரக் கைக்குட்டையோடு அமர்ந்திருக்கும் அவர் வீட்டு அம்மா அவர்களே! எல்லோருக்கும் இந்த வாசற்காரனின் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் தாளைப் பார்த்துப் பேசினார்கள். என் கையில் தாளில்லை. கொடுத்தாலும் தலைகீழாகத்தான் பிடிப்பேன். எனக்கு எழுத்துத் தெரியாது, எண் மட்டும் தெரியும். நூற்பாலையில் பஞ்சு மூட்டை எண்ணியவன் நான். ஆனால் கேட்டது எதையும் நான் மறந்ததில்லை. அதனால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

சர்க்கஸ் கரடி கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு தபால் அலுவலகத்துக்குள் புகுந்து, பசைச் சட்டியை நக்கிக்கொண்டிருந்ததே, அந்த வருடம். ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் சாய்ந்து, நாலு மாதம் எல்லோரும் பரிசலில் வேலைக்குப் போனோமே, அதே வருடம். நூற்பாலை எரிந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது. எரிந்ததில் பதினான்கு பேர் போனார்கள். அதில் ஒருத்தி என் வீட்டுக்காரி. வேலையும் போய், அவளும் போய், தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு இந்த நூலகத்தின் வாசலில் உட்கார வைத்தவர் யார்? நம் நூலகர் ஐயா!

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே" என்றேன்.

"படிக்கத் தெரிஞ்சவன் வாசல்ல உக்காந்தா படிச்சுக்கிட்டே இருப்பான். திருடன் புத்தகத்தோட போயிருவான். நீ உக்காரு" என்றார்.

அப்படி உட்கார்ந்தவன்தான். புத்தகங்களைத் தைத்து ஒட்டும் வேலையையும் அவரே கற்றுக்கொடுத்தார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது வாசகர் ஒரு சீட்டில் தன் கருத்தை எழுதித் தர வேண்டும். எழுதத் தெரியாதவர் சொன்னால் ஐயா எழுதிக்கொள்வார். புத்தகம் படிக்காமல், படிக்கச் சொல்லிக் கேட்டவரும் கருத்துச் சொல்லலாம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எல்லாச் சீட்டுகளையும் ஐயா உரக்க வாசிப்பார். இதற்கு ஒரே ஒரு விதி: எந்தக் கருத்தையும் வெட்டக் கூடாது, திருத்தக் கூடாது. எழுத்துப் பிழையைக்கூடப் பிழையாகவே வாசிப்பார்!

அடடா, என்ன கருத்துகள்! உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பேய்க்கதை ஒன்றுக்கு ஒரு பால்காரர் எழுதினார்: "பேய் வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. இந்தப் பேயை யாராவது அடித்து எழுப்புங்கள்." கண்ணீர்க் கதை ஒன்றுக்கு ஒரு செவிலியம்மா எழுதினார்: "கதாநாயகி பன்னிரண்டு அத்தியாயமாக இருமுகிறாள். எங்கள் வார்டில் மூன்றாம் நாளே அனுப்பியிருப்போம்." சட்டக் கையேட்டுக்கு ஒருவர்: "என் மைத்துனனை அடித்தால் எத்தனை மாதம் என்று பார்க்க எடுத்தேன். மிகப் பயனுள்ள நூல். அடித்துவிட்டேன்."

சிரியுங்கள். ஐயாவும் சிரிப்பார். ஆனால் அந்தச் சீட்டுகளால் இந்தக் கூடத்தில் இரத்தம் சிந்தியதும் உண்டு. துப்பறியும் நாவல் ஒன்று வந்தது. முந்நூறு பக்கம். அதற்காக மூன்று வாரம் காத்திருந்தவர் தையற்காரர். அவருக்கு முன் எடுத்தவர் மருந்துக்கடைக்காரர். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஒட்டிக் கொடுத்தார்: "கொலை செய்தது சமையற்காரன். மற்றவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்." கீழே பெயரும் போட்டு, பட்டத்தையும் போட்டிருந்தார்.

தையற்காரர் அதைப் படித்தார். புத்தகத்தை மெதுவாக மூடினார். எழுந்து போய் மருந்துக்கடைக்காரரின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, முகத்தை மேசை விளிம்பில் மோதினார். ஒருமுறை இல்லை. மூன்று முறை! இரண்டு பல் தரையில் உருண்டது. "சமையற்காரனா? சமையற்காரனாடா? மூணு வாரம்டா பாவி!" என்று ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு கேள்வி. நான்தான் பிரித்துவிட்டேன். பிரிக்கப் போன என் காதிலும் ஒரு குத்து. இன்றைக்கும் இந்தக் காது அடைமழை நாளில் குடைகிறது.

அன்றைக்கு ஐயா முடிவெடுத்தார். இனிக் கருத்துக்குக் கீழே பெயர் கிடையாது, எண்தான். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு பித்தளை வில்லை, அதில் ஓர் எண். எந்த எண் யாருடையது என்று எழுதி வைக்கும் பேரேடும் கிடையாது.

"அப்ப யாருக்கு எந்த நம்பர்னு எப்படிங்கய்யா தெரியும்?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியும். நீதானே வில்லை குடுக்கப் போற? எழுதி வெச்சா எவனாவது படிச்சிருவான். உன் தலைக்குள்ள இருக்கறத எவன் படிப்பான்?"

இந்த ஊரின் முந்நூற்றுப் பன்னிரண்டு வாசகர்களின் இரகசியத்தை எழுத்தறியாதவன் ஒருவனின் மண்டைக்குள் வைத்துப் பூட்டிய மனிதர் அவர்! எந்தப் படித்தவனுக்கு இந்த யோசனை வரும்?

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு இது கதையாகத் தெரியும். ஐயாவின் வலது கை ஏன் சப்பையாக இருந்தது என்று கேட்டிருப்பீர்கள். ரௌடிகள் அடித்தார்கள் என்று பதில் வந்திருக்கும். அது பாதிதான்.

அந்த நாளில் ஊரில் ஒரு கான்ட்ராக்டர் இருந்தார். ஆலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். 'பெரிய கை' என்று பட்டப்பெயர். அவர் ஒரு விவரக் கோவை அச்சிட்டார். ஊரின் முகவரிகள், இரயில் நேரம், டாக்டர்கள், வக்கீல்கள், நடுவில் பிரமுகர்களின் வாழ்க்கைக் குறிப்பு. எண்பத்தெட்டாம் பக்கத்தில், எல்லோருடையதையும்விடப் பெரிய படத்தோடு, அவர் குறிப்பு. நூற்பாலைத் தீயில் உயிரைத் துச்சமாக மதித்து உள்ளே பாய்ந்து பதினொருவரைக் காப்பாற்றிய வீரர் என்று!

முதல் பதிப்பு நூலகத்துக்கு இலவசமாக வந்தது. இரண்டாம் பதிப்பின் கடைசிப் பக்கங்களில் அச்சிட, வாசகர் கருத்துகளைத் திரட்டி அனுப்பும்படி கடிதமும் வந்தது. புகழ்ந்திருப்பார்கள் என்று நினைப்பு. இந்த ஊர் வாசகர்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்!

இருபத்து மூன்று சீட்டு சேர்ந்தது. "பல் டாக்டர் முகவரியில் இப்போது தச்சர் இருக்கிறார். அவரும் பிடுங்கத் தயார் என்கிறார்" என்று ஒன்று. "இரயில் நேரம் சரி. இரயிலுக்குத்தான் தெரியவில்லை" என்று ஒன்று. அவற்றுக்கு நடுவே நாற்பத்தொன்றாம் எண்ணின் சீட்டு. அதை எழுத்துக்கு எழுத்து சொல்கிறேன்:

"எண்பத்தெட்டாம் பக்கம். இவர் பதினொருவரைக் காப்பாற்றினார் என்று உள்ளது. தவறு. வேலை முடியும் முன் ஆட்கள் போகக் கூடாதென்று வடக்கு வாசலை வெளியே பூட்டியவர் இவர். தீப் பிடித்தபின் திறக்கச் சொல்லிக் கத்தினோம். சாவி இவர் இடுப்பில் இருந்தது. அடுத்த பதிப்பில் திருத்தவும்."

அச்சுக் கோப்பவர் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். நாற்பத்தொன்றைத் தனியே எடுத்து நீட்டினார். "ஐயா, இதையுமா கோக்கறது?" என்றார்.

"எத்தனை சீட்டு குடுத்தேன்?"

"இருபத்து மூணு."

"அப்ப இருபத்து மூணும் வரணும்."

"எனக்குக் குடும்பம் இருக்குங்கய்யா."

"வடக்கு வாசல்ல நின்னவங்களுக்கும் இருந்துச்சு."

அச்சுக் கோப்பவர் அதையும் சேர்த்துக் கோத்தார். கான்ட்ராக்டர் சரிபார்த்தாரா? பார்த்தார், தன் படத்தை மட்டும்! விவரக் கோவையின் கடைசிப் பக்கங்களை எவன் படிப்பான்?

இரண்டாம் பதிப்பின் வெளியீட்டு விழா வெள்ளிக்கிழமை. இதே கூடம். இதே மேடை. கான்ட்ராக்டர் மாலையோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய குமாஸ்தா எழுந்து, வாசகர் கருத்துகளைச் சபைக்கு வாசிக்க ஆரம்பித்தார். அர்த்தத்தைப் பார்க்காமல் கடகடவென்று வாசிக்கிற மனிதர். பல் டாக்டருக்குச் சபை சிரித்தது. இரயிலுக்குச் சிரித்தது. அடுத்து நாற்பத்தொன்று. பூட்டியவர் இவர் என்று வந்தபோதும் அவர் நிறுத்தவில்லை. "சாவி இவர் இடுப்பில்" என்று வாசித்தார்.

கான்ட்ராக்டரின் கை தானாக இடுப்புக்குப் போனது.

அவ்வளவுதான்! யாரும் சாட்சி சொல்ல வேண்டியிருக்கவில்லை. நானூறு பேர் அந்தக் கையைப் பார்த்தார்கள். செத்தவர்களின் சொந்தக்காரர்கள் அதில் எழுபது பேர். முதல் நாற்காலி பறந்தது அவர்களிடமிருந்துதான். மேடை விளக்கு உடைந்தது, மேசை உடைந்தது, குமாஸ்தாவின் கை உடைந்தது. கான்ட்ராக்டர் பின்வாசல் வழியாக, ஒரு காது கிழிந்து, மாலையால் அதைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

மறுநாள் சனிக்கிழமை. மதியம் மூன்று மணி. வாசிப்புக்கு இன்னும் இரண்டு மணி நேரம். உள்ளே ஐயா, பத்திரிகை படித்துக்கொண்டிருந்த தையற்காரர், வாசலில் நான். கான்ட்ராக்டர் காதில் கட்டோடு வந்தார். கூட இரண்டு பேர், கையில் மூட்டை தூக்கும் பாரக் கொக்கியோடு. என் நெஞ்சில் ஒருவன் காலை வைத்து உள்ளே தள்ளினான். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டார்கள்.

"நாப்பத்தொண்ணு யாரு?" என்றார் கான்ட்ராக்டர்.

"வாசகர்" என்றார் ஐயா.

"பேரு?"

"இங்க பேரு வழக்கம் இல்ல."

கொக்கியால் அலமாரிக் கண்ணாடிகளை வரிசையாக அடித்தார்கள். புத்தகங்களை வாரிக் கீழே கொட்டி மிதித்தார்கள். தையற்காரர் பெரிய கத்தரிக்கோலோடு பாய்ந்தார். மருந்துக்கடைக்காரரின் பல்லை உடைத்த அதே கை! ஆனால் இவர்கள் மருந்துக்கடைக்காரர்களா? ஒருவன் பேரகராதியின் இரண்டாம் தொகுதியைத் தூக்கி அவர் மண்டையில் இறக்கினான். அவர் சரிந்து விழுந்தார், நெற்றி பிளந்து. பிற்பாடு அந்த அகராதியைப் பற்றித் தையற்காரர் ஒரு சீட்டு எழுதினார். இரண்டே சொல்: "கனமான நூல்."

கான்ட்ராக்டர் அச்சுக்கூடத்திலிருந்து பிடுங்கி வந்த நாற்பத்தொன்றாம் சீட்டை எடுத்து ஐயாவின் மூக்குக்கு நேரே ஆட்டினார். "இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா. இங்க பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அவங்க சொல்லுவாங்க, நான் எழுதுவேன்."

"அப்ப சொன்னது யாருன்னு தெரியும்."

"தெரியும்."

ஐயோ, தெரியாது என்று சொல்லியிருக்கலாமே! ஒரு சொல்! வாழ்நாளில் ஒரு பொய் சொல்லிப் பழகியிருக்கக் கூடாதா அந்த மனிதர்?

"எழுதினது எந்தக் கை?" என்றார் கான்ட்ராக்டர். ஐயா வலது கையைக் காட்டினார். என்னவோ முகவரி கேட்டதுபோலக் காட்டினார்.

மூலையில் நான் புத்தகம் கட்டும் இடம். அங்கே அழுத்துப்பொறி இருந்தது. கீழே ஓர் இரும்புத் தட்டு, மேலே ஒன்று, அதற்கு மேல் சக்கரம். சக்கரத்தைச் சுற்றினால் மேல் தட்டு இறங்கி, ஒட்டிய புத்தகத்தை இறுக்கும். ஐயாவை இழுத்துப் போய் அவர் கையைத் தட்டுகளுக்கு நடுவே வைத்தார்கள். ஒருவன் தோளைப் பிடித்தான், ஒருவன் மணிக்கட்டைப் பிடித்தான். சக்கரம் சுற்ற ஆளில்லை.

"டேய் வாசக்காரா, இது உன் மிஷின்தானே? வந்து சுத்து" என்றார் கான்ட்ராக்டர்.

அம்மா, நாற்பத்தாறு வருடமாக உங்கள் வீட்டில் நான் காபி குடித்திருக்கிறேன். யார் சுற்றியது என்று நீங்கள் கேட்டபோது, கான்ட்ராக்டர் ஆள் என்று ஐயா சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அம்மா, சுற்றியது நான். இந்தக் கைகள்.

உட்காருங்கள், யாரும் எழுந்திருக்க வேண்டாம். முடித்துவிட்டுப் போகிறேன். அதற்குப் பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

முதல் சுற்று. தட்டு தோலைத் தொட்டது. "பேரச் சொல்லு" என்றார் கான்ட்ராக்டர். நான் வாயைத் திறந்தேன். "ஐயா, நான் சொல்லிடறேங்கய்யா..." என்று தொடங்கினேன்.

ஐயா என்னைப் பார்த்துப் போட்ட அதட்டல் இன்னும் இந்தச் சுவரில் இருக்கும். "வாய மூடு! நூலகத்துல சத்தம் போடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

சுவரில் 'அமைதி' என்று பலகை தொங்கியது. கான்ட்ராக்டரின் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கைய நசுக்கறோம், ரூல்ஸ் பேசறான் பாரு!" கான்ட்ராக்டரும் சிரித்தார். "இவன் என்னத்தச் சொல்லப் போறான், எழுத்தே தெரியாத முண்டம். கெஞ்சறான். நீ சுத்துடா!"

இரண்டாம் சுற்று. சுள்ளி ஒடிகிற சத்தம். ஐயாவின் உதட்டிலிருந்து இரத்தம் வந்தது. கடித்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி வாயைத் திறந்தேன்.

"சத்தம்!" என்றார் ஐயா. "சுத்து. சொன்னதச் செய்."

மூன்றாம் சுற்று. அதற்கு மேல் சக்கரம் நகரவில்லை. ஐயா மயங்கித் தொங்கினார். கொக்கிக்காரன் ஒருவன் சன்னல் பக்கம் போய் வாந்தி எடுத்தான். வெளியே ஐந்து மணி வாசிப்புக்குக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது, கதவைத் தட்டினார்கள். கான்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். "நல்ல நாய்" என்று சொல்லி என் கன்னத்தில் தட்டிவிட்டுப் பின்பக்கமாகப் போனார்.

அன்று வாசிப்பு நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது! கையைத் துணியில் சுற்றி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது படியில் நிறுத்தச் சொல்லி, ஐயா ஒரு சீட்டை வாசித்தார். ஒரே ஒன்று. சமையல் புத்தகத்தைப் பற்றியது. "உப்பு எவ்வளவு என்று எங்குமே இல்லை. கொலைகாரப் புத்தகம்." கூட்டம் அழுதுகொண்டே சிரித்தது.

பிறகு இடது கையால் எழுதப் பழகினார். இடது கையால் எழுதிய முதல் கருத்து, மருத்துவமனையில் கிடைத்த முதலுதவிக் கையேட்டுக்கு: "எலும்பு முறிவு என்ற அத்தியாயத்தில் விரலுக்கு அரைப் பக்கமே உள்ளது. போதாது."

இப்படி ஒரு மனிதரை எங்கே பார்ப்போம்? சொல்லுங்கள், எங்கே பார்ப்போம்?

நாற்பத்தொன்றின் கருத்து அச்சான பக்கத்தை வைத்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். ஆலை வழக்கைத் திரும்ப எடுக்கலாம் என்றார். நாற்பத்தொன்று நேரில் வந்து சொன்னால் போதும் என்றார். ஐயாவிடம் பெயர் கேட்டார். "அது அவர் இஷ்டம். வர்றதா இருந்தா அவரே வருவார்" என்றார் ஐயா. பதினைந்து நாள் காத்திருந்தார் அதிகாரி. நாற்பத்தொன்று வரவில்லை. கோப்பைக் கட்டி மேலே போட்டார்கள். இன்றைக்கும் அரசாங்கப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? தொழிலாளர் கவனக்குறைவால் தீ. பதினான்கு பேர், தங்கள் கவனக்குறைவால்! என் வீட்டுக்காரி அடுப்புக்குக்கூட இரண்டு தடவை தண்ணீர் தெளிப்பவள். அவள் கவனக்குறைவால்!

ஐயா அந்த வாசகரைக் கோழை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒருநாளும் ஏன் போகவில்லை என்று கேட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை, கடைசி மூச்சுக்கு முந்தின மணி நேரத்தில், நான் அவருடைய சப்பைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தார். "இனி சத்தம் போடலாம்" என்றார். பிதற்றுகிறார் என்று அவர் மகள் நினைத்தாள். பிதற்றல் இல்லை தாயே.

இந்தச் சபையின் முன் உறுதி சொல்கிறேன். சனிக்கிழமை வாசிப்பு நிற்காது. ஐயாவின் மகள் வாசிப்பாள். ஒரு கருத்தும் வெட்டப்படாது. முந்நூற்றுப் பன்னிரண்டு எண்களில் முந்நூற்றுப் பதினொன்று என்னோடு எரிந்துபோகும். ஒன்றை மட்டும் இப்போது சொல்லப்போகிறேன்.

அன்று அந்த அறையில் இருந்தவர்களை எண்ணிக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர், அதற்கு ஆறாம் வருடம் துறைமுகத்தில் சங்கிலி அறுந்து பளுவின் கீழ் போனார். அவர் ஆட்கள் இருவரில் ஒருவன் மற்றவனைக் குத்தினான், குத்தியவன் சிறையில் செத்தான். தையற்காரர் தூக்கத்தில் போனார், கையில் துப்பறியும் நாவல், இருபது பக்கம் பாக்கி. நம் ஐயா போய்விட்டார்.

ஆலை எரிந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை என்றுதான் ஊருக்குச் சொல்லி வந்தேன். போயிருந்தேன். வடக்கு வாசலுக்கு உள்ளே நின்றேன். கதவு இடுக்கில் அந்த இடுப்பையும் சாவியையும் பார்த்தேன். பஞ்சு தள்ளும் குழாய்க்குள் நான் மட்டும் புகுந்து வந்தேன். என் வீட்டுக்காரியின் தோள் அதில் நுழையவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு பகலில் ஐயா எனக்கு அந்த விவரக் கோவையை வாசித்துக் காட்டினார். எண்பத்தெட்டாம் பக்கத்தில் "பொய்" என்றேன். "இது கருத்தா?" என்று கேட்டார். "கருத்துதாங்கய்யா" என்றேன். பேனாவைத் திறந்தார்.

நாளை காலை பத்து மணிக்கு அந்தக் கோப்பு கிடக்கும் அலுவலகத்துக்குப் போகிறேன். எழுதத் தெரிந்தவர் ஒருவர் என்னோடு வந்தால் போதும். நான் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், வெட்டாமல்.

இதோ வில்லை. எண்ணைப் பாருங்கள். அந்த அறையில் இருந்தவர்களில், அந்த வாசலுக்குள் இருந்தவர்களில், இன்னும் உயிரோடு இருப்பவன் ஒருவனே. நாற்பத்தொன்று. இந்த வாசற்காரன்.